தொடைக்குள் ஒரு குண்டு

பசுவந்தனைப் பக்கம் மக்காச்சோளம் கதிர் பிடித்துவிட்டால் காட்டுப்பன்றி வரும். பன்றி வந்தால் யார் வீட்டுப் பரணிலிருந்தாவது நாட்டுத் துப்பாக்கி இறங்கும். தப்பித்தவறி ஆள் மேல் பட்டுவிட்டால், மாடு முட்டியதென்று ஊரே ஒரே வாயாகச் சொல்லும். போலீசுக்குப் பயந்து பழகிய வாய்.

செல்வகணேஷ் சுட்டது சொந்த அண்ணன் கிட்டுவை. விடியற்காலையில் சோளத்தட்டை அசைந்தது, பன்றியென்று அவசரப்பட்டுவிட்டான். சைக்கிள் பால்ரஸ் குண்டுகளைக் குத்துமதிப்பாக அள்ளிப் போட்டுக் கெட்டித்த துப்பாக்கி அது. உள்ளூர்க் கம்பவுண்டர் தொடையிலிருந்து நான்கு குண்டுகளை எடுத்துவிட்டு, அவ்வளவுதான் என்றார். மொத்தம் எத்தனை போட்டோம் என்று சுட்டவனுக்கே தெரியாது.

மூன்று மாதத்தில் புண் ஆறியது. ஆனால் தொடை குழி விழுந்து, கிட்டு காலை இழுத்து இழுத்து நடந்தான். தம்பி அவனை மதுரைக்குக் கூட்டிப்போனான். அங்கேயும் மாடு முட்டியதென்றே சொன்னார்கள்.

"இவ்வளவு தசை போனா தானா வளராது," என்றார் டாக்டர். "பக்குவப்படுத்துன சவ்வு ஒண்ணை உள்ள வச்சுத் தைப்போம். அதைப் பிடிச்சுக்கிட்டுப் புதுத் தசை கொஞ்சம் வளரும். முழுசா வரும்னு சொல்லமாட்டேன், ஊன்றி நடக்கலாம். முதல்ல எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க."

செல்வகணேஷுக்கு அழுகையே வந்துவிட்டது. தான் கெடுத்த கால் அல்லவா.

ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ் கேட்டாள். "உள்ள இருக்கிறது பெரிய காந்தம். உடம்புல இரும்பு ஏதாவது இருக்கா?"

"மாட்டுக் கொம்புல ஏதும்மா இரும்பு?" என்றான் கிட்டு. அவள் சிரித்தாள். செல்வகணேஷும் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அவனைச் செருப்பால் அடிக்கலாம்.

கதவு சாத்தியதும் அவன் கம்பவுண்டர் எடுத்த குண்டுகளை விரல்விட்டு எண்ணினான், நான்கு. ஐந்தாவதாக ஒன்று உள்ளே கிடந்தால்? சொன்னால் ஜெயில். எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்துபோய்க் கதவைத் தட்டினான்.

"மாடு இல்லக்கா, வெடி. நாந்தான் சுட்டேன். அண்ணன வெளிய எடுங்க."

உள்ளேயிருந்து கிட்டுவின் குரல் கேட்டது. "ஏலே கணேசு, தொடைக்குள்ள என்னமோ நகருதுலே."

வெளியே இழுத்தபோது தொடை புடைத்துக்கொண்டே வந்தது. பாதம் சில்லிட்டிருந்தது. குண்டு பெரிய ரத்தக்குழாயைக் கிழித்துவிட்டது என்று சொல்லி ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

வெகுநேரம் கழித்து டாக்டர் வந்தார். புதுத் தசையைப் பற்றி அவர் பேசவில்லை. கிழிந்த குழாயைத் தைக்க முடியவில்லை, உயிர் வேண்டுமென்றால் தொடையோடு காலை எடுக்க வேண்டும், சொந்தக்காரர் யாராவது கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

கூட வந்திருந்தது செல்வகணேஷ் மட்டும்தான்.