தீதியின் கூட்டம்

திருநாவுக்கரசுக்குப் பெண்டாட்டி மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அண்ணன் தம்பி மேல் பொறாமைப்படுகிறவன் உண்டு, பக்கத்து வீட்டுக்காரன் மேல் பொறாமைப்படுகிறவன் உண்டு. இவன், தானே மனு எழுதி, தானே கூட்டிக்கொண்டு போய் வேலையில் சேர்த்துவிட்ட சொந்தப் பெண்டாட்டி மேல் வயிறெரிந்தான்.

அவன் கிராம சேவக், அவள் கிராம சேவிகா. அறுபதுகளின் நடுவில், அந்தமானில் திக்லிபூருக்கு அப்பால் காட்டை வெட்டி வங்காளிகளைக் குடியமர்த்தியிருந்த கிராமங்களுக்கு இரண்டு பேரும் பொறுப்பு. உழவும் உரமும் அவனுக்கு. அடுப்படியும் குழந்தைகளும் காய்கறித் தோட்டமும் சந்திரமதிக்கு. அவன் மன்னார்குடிப் பக்கத்து ஆள். தஞ்சாவூர் ஜில்லாவில் முறையாகப் பயிற்சி எடுத்தவன். மண், விதை, பூச்சி மருந்து, கூட்டத்தை எப்படிக் கூட்டுவது, எப்படிப் பேசுவது, எங்கே நிறுத்திக் கேள்வி கேட்பது எல்லாம் படித்தவன். அவளோ போர்ட் பிளேரில் ஷாதிபூரில் ஒரு கொட்டகையில் நடந்த அவசரப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவள். அங்கே சொல்லிக் கொடுத்ததெல்லாம் தையலும் ஊறுகாயும்தான் என்று அவன் சிரிப்பான். முதல் வருஷம் அவளும் கூடச் சிரித்தாள்.

அவன் கூட்டம் போட்டால் நாலு கிழவர்கள் வருவார்கள். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, அவன் தமிழ் வாடை வீசும் ஹிந்தியை மரியாதையாகக் கேட்டுவிட்டு, "டீக் ஹை பாபு" என்று சரி சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். சொன்னதில் ஒன்றையும் செய்ய மாட்டார்கள். சந்திரமதி கூட்டமே போட மாட்டாள். யார் வீட்டு முற்றத்திலாவது உட்கார்ந்து அவர்களோடு மீன் ஆய்வாள். அவ்வளவுதான், பத்து வீட்டுப் பெண்கள் அங்கே வந்துவிடுவார்கள். அவள் ஹிந்தி அவன் ஹிந்தியைவிட மோசம். ஆண்பால் பெண்பால் எல்லாம் கலந்து கட்டி அடிப்பாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவள் சொன்னதைச் செய்வார்கள். தீதி, தீதி என்று அக்கா முறை வைத்து அவளைக் கூப்பிடுவதைக் கேட்கிறபோதெல்லாம் அவனுக்குக் காதுக்குள் எறும்பு புகுந்த மாதிரி இருக்கும்.

இதையெல்லாம்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். உப்புத் தண்ணீர் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

விதை நெல்லை உப்புத் தண்ணீரில் கொட்டினால் பதர் மிதக்கும், நல்ல நெல் அடியில் தங்கும். முட்டை மிதக்கிற அளவுக்கு உப்பு போட வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி எடுத்து நாற்றங்காலில் விதைத்தால் பயிர் ஒரே சீராக வரும். இது அவன் பயிற்சியில் படித்த பாடம். தீவுக்கு வந்த நாளிலிருந்து ஆண்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒருவனும் செய்யவில்லை. அவன் கவனிக்காத விஷயம், அந்த வீடுகளில் விதை நெல் ஆண்கள் கையில் இல்லை என்பது. உழுவதும் நடுவதும் அவர்கள். விதையைத் தேர்ந்து காயவைத்து அடுக்களைப் பக்கம் குதிரில் கட்டி வைப்பது பெண்கள். அந்தக் குதிரில் அவர்களைக் கேட்காமல் புருஷன்கூடக் கைவைக்க முடியாது. அந்தப் பெண்களுக்கோ உப்பு என்றாலே பயம். ஓடைக்கரை உடைந்து கடல் தண்ணீர் ஏறின வயல் வருஷக்கணக்கில் ஒன்றுக்கும் உதவாமல் கிடந்ததைப் பார்த்தவர்கள். விதைக்குள்ளேயே உப்பைக் கொட்டச் சொல்கிற பாபுவை அவர்கள் பைத்தியக்காரன் என்று நினைத்தார்கள்.

சந்திரமதி ஒரு நாள் தன் வீட்டு அடுப்படியில் அவர்கள் கண் முன்னாலேயே ஒரு படி நெல்லை உப்புத் தண்ணீரில் போட்டு, அலசி, ஈரச்சாக்கில் சுற்றி வைத்தாள். முளை வந்ததும் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த வருஷம் கிராமம் முழுக்க நாற்றங்கால் பாய் விரித்த மாதிரி இருந்தது.

விரிவாக்க அதிகாரி ஜெகநாதன் ஜீப்பை நிறுத்தி இறங்கி, வரப்பில் நின்று பார்த்தார். அவர் மெட்ராஸ்காரர், எதையும் லேசில் பாராட்டாதவர். "யார் செய்யச் சொன்னது?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற திருநாவுக்கரசு தொண்டையைச் சரிசெய்துகொண்டான். அதற்குள் வயல்காரர்கள் நாலு பேரும் ஒரே குரலாக, "தீதி நே போலா" என்றார்கள்.

அந்த ஒரு நொடியில் அவன் மனசு விட்டுப் போயிற்று. அது தன் பாடம். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவனே அவன். அதைச் சொல்லவும் முடியாது. சொன்னால் பெண்டாட்டியோடு மல்லுக்கு நிற்கிறான் என்று சிரிப்பார்கள்.

மழை விட்ட பிறகு செய்தி வந்தது. மெயின்லேண்டில் ஆறு மாத மேல்பயிற்சி. இந்த வட்டாரத்துக்கு ஒரே ஒரு இடம். போய்விட்டு வருகிறவருக்கு மேற்பார்வையாளர் பதவி. அந்த இடத்துக்கு ஜெகநாதன் சந்திரமதியின் பெயரைச் சொல்லியிருந்தார். அதை முடிவு செய்துகொள்ள அவர் நேரில் வந்த மத்தியானம் சந்திரமதி வீட்டில் இல்லை, கிராமத்துக்குப் போயிருந்தாள்.

"அம்மா ஆறு மாசம் அங்கே இருக்கணும். உங்களுக்கு வீட்டில ஒண்ணும் சிரமமில்லையே?" என்று ஜெகநாதன் கேட்டார்.

"சிரமம்னு இல்லீங்க சார்..." என்று இழுத்தான் திருநாவுக்கரசு. அப்புறம் அவன் வாயிலிருந்து தானாக வந்தது. "அவ இப்ப கப்பல்ல போற நெலமைல இல்ல."

ஜெகநாதன் ஒரு கணம் புரியாமல் பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்து எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அடடே! இத்தனை வருஷம் கழிச்சா? ரொம்ப சந்தோஷம்ப்பா. அப்ப அம்மா இங்கேயே இருக்கட்டும். இடத்தை வீணாக்க வேண்டாம், உங்க பேரையே போட்டுடறேன்."

திருத்துவதற்கு அவனுக்கு நேரம் இருந்தது. ஜீப் கிளம்புகிற வரை இருந்தது. அவன் ஜீப்புக்கு வழிவிட்டு நின்று கும்பிட்டான். கல்யாணமாகி எட்டு வருஷமாய்ப் பிள்ளை இல்லாதவள் அவள். மன்னார்குடிக்குப் போகிற போதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் சமையலறையை விட்டு வெளியே வராதவள். அதையெல்லாம் அவன் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்தது தன் பெயரைப் பற்றித்தான். அவனை நல்லவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜீப் டிரைவர் வாய் சும்மா இருக்குமா? மறுநாள் காலை பெண்கள் கும்பலாக வந்துவிட்டார்கள். முன்னால் சாருபாலா, கிராமத்திலேயே வாய்த்துடுக்கானவள், சந்திரமதிக்கு உயிர். கையில் மாங்காய் ஊறுகாய் ஜாடி. பின்னால் வந்தவர்கள் கையில் பாயசம், மீன், பழைய சேலையில் தைத்த ஒரு குட்டி மெத்தை.

"தீதி, ஹம்கோ க்யூன் நஹீ போலா?" என்று, தங்களிடம் சொல்லாமல் மறைத்ததற்குக் கோபித்துக்கொண்டே சாருபாலா சந்திரமதியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள்.

சந்திரமதி அந்தக் கையைப் பார்த்தாள். குட்டி மெத்தையைப் பார்த்தாள். பிறகு வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் உட்கார்ந்து, அவர்கள் ஊட்டிய ஊறுகாயைத் தின்றாள். கண் கலங்கியதை அவர்கள் புளிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும் கேட்டாள். "ஜெகநாதன் சார்கிட்ட என்னா சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. அவரா நெனச்சுக்கிட்டாரு."

"நீங்க இல்லைன்னும் சொல்லல."

"ஆமா, சொல்லல!" அவன் பம்பைக் கீழே போட்டான். "என்னா பண்ணச் சொல்ற? உப்புத் தண்ணி யாரு பாடம்? யாரு படிச்சது? ஊரு பூரா தீதி தீதின்னு கூத்தாடுதே, ஒரு நாளாவது ஒருத்திகிட்டயாவது, இது எங்க வூட்டுக்காரரு சொன்னதுன்னு வாயத் தொறந்து சொன்னியா?"

"சொன்னேங்க," என்றாள் சந்திரமதி. "மொத நாளே அப்படித்தான் சொன்னேன். ஒருத்தியும் உப்பத் தொடல. மறுக்கா சொல்றப்ப உங்க பேர எடுக்காம சொன்னேன்."

அடித்திருந்தால்கூட அவனுக்கு அப்படி வலித்திருக்காது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அடுத்த நாள் அவள் யாரையும் கேட்காமல் பஸ் ஏறித் திக்லிபூர் ஆபீசுக்குப் போனாள். திரும்பி வந்து, கால் கழுவிக்கொண்டே சொன்னாள். "அடுத்த கப்பல்ல போறேன். சார் சரின்னுட்டாரு."

"என்னைப் பத்தி என்னா சொன்ன?" அவனுக்கு அதுதான் முதலில் வாயில் வந்தது. "பொய் சொன்னான்னு சொன்னியா?"

"கரு நின்ன மாதிரி இருந்துச்சு, நிக்கலன்னு சொன்னேன். பாவம், அந்த மனுசன் தலையக் குனிஞ்சிக்கிட்டாரு. மேல ஒண்ணும் கேக்கல. சாருபாலாகிட்டயும் அதையேதான் சொன்னேன்."

"ஏன்?"

"பின்ன நெசத்தச் சொல்லவா? பொண்டாட்டி வயித்துல பொய் சொன்னவன்னு தெரிஞ்சா, நாளைக்கு நீங்க ஒரம் போடுன்னு சொன்னா யாரு போடுவாங்க? இந்த ஊர்ல நீங்க வேல பாக்கணும்ல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள். கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான். தன் பொய்யைக்கூட அவள் எடுத்து, வெளுத்து, தன்னைவிட நன்றாக உபயோகித்துவிட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. அதற்கும் பொறாமைப்பட்டான். இப்படியும் ஒரு பிறவி.

ஏரியல் பே கப்பல் துறையில் அவளை வழியனுப்பப் பெண்கள் லாரி பிடித்து வந்திருந்தார்கள். சாருபாலா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்திரமதி அவள் காதில் ஏதோ சொன்னாள். கப்பல் நகர்ந்ததும் சந்திரமதி எல்லோரையும் பார்த்துக் கையசைத்தாள். அந்த எல்லோரில் தானும் உண்டா என்று திருநாவுக்கரசுக்குத் தெரியவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம், இனிமேல் இந்தக் கிராமத்துக்கு நான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டான். அதில் ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன்.

அடுத்த வாரம் கூட்டுறவுக் கொட்டகையில் கூட்டம் போட்டான். எரு மட்கவைப்பது பற்றிப் பேசவேண்டும். வழக்கமான நாலு கிழவர்களை எதிர்பார்த்துப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே இடமில்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் வேறு. பீடிப் புகையைக் காணோம். அவன் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

அவன் நெஞ்சு விம்மிற்று. இத்தனை வருஷம் எதற்குக் காத்திருந்தானோ அது வந்துவிட்டது. அவள் போனால் போதும், ஜனங்கள் என்னிடம் வருவார்கள் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தானே, அது உண்மையாகிவிட்டது. பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி நிமிர்ந்து நின்று எல்லோர் முகத்தையும் ஒரு சுற்று பார்த்தான்.

அந்த முகங்களில் ஏதோ சரியில்லை. ஒருவரும் அவனை நேராகப் பார்க்கவில்லை. பெண்கள் தலையில் முக்காடு போட்டிருந்தார்கள்.

சாருபாலா எழுந்து வந்தாள். மூடிய கிண்ணம் ஒன்றை அவன் முன்னால் மேஜையில் வைத்தாள்.

"ரோனா மத், பாபு," என்றாள். "பகவான் ஔர் தேகா."

அழாதே, கடவுள் இன்னொன்று கொடுப்பார். அவனுக்கு மெள்ளத்தான் புரிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனுக்குத் துக்கம் கேட்க வந்திருக்கிறார்கள். இல்லாத பிள்ளைக்கு, இந்தக் கூட்டம்.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதான். பிள்ளைக்காகவா, பெண்டாட்டிக்காகவா, தனக்காகவா என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. முன்வரிசைக் கிழவர் ஒருவர் எழுந்து வந்து அவன் முதுகைத் தடவினார். இத்தனை நாள் பீடி குடிக்க மட்டும் வந்துகொண்டிருந்தவர்.

"சொல்லுங்க பாபு," என்றார் தன் ஹிந்தியில். "என்ன செய்யணுமோ சொல்லுங்க, செய்யறோம். தீதி கப்பல் ஏறும்போது சாருபாலாகிட்ட சொல்லிட்டுத்தான் போச்சு. பாபு தனியா இருப்பாரு, அவர் கூட்டத்துக்கு எல்லாரும் போங்க, அவர் சொல்றதைக் கேளுங்கன்னு."

அவன் அழுகை நின்றுவிட்டது. கொட்டகை முழுக்க ஜனங்கள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவரும் அவனுக்காக வரவில்லை. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எரு மட்கவைப்பது பற்றிப் பேச ஆரம்பித்தான்.