மறதியின் குறிப்பேடு

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த அலுவலகத்தில் புகார்களை வாங்கி, எந்த மெக்கானிக் எங்கே போவது என்று பிரித்துக் கொடுப்பது அக்காவின் வேலை. மெக்கானிக்குகள் ஏழு பேருக்கும் அவள் அக்காதான். ஒருவனுக்கு மட்டும் கூடப்பிறந்த அக்கா. போன வருடம் அவளுக்குத் துணையாக முதலாளி கணினியில் ஓர் ஏ.ஐ. ஏஜென்ட்டைக் கொண்டுவந்தார். வேலையில் சூரன். ஆனால் நேற்றுச் சொன்னது இன்றைக்கு அதற்குத் தெரியாது. தினமும் காலையில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மெக்கானிக்குகள் அதற்கு 'மறதி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த மறதி அக்காவுக்கு வசதியாகவே இருந்தது. காரணம் தம்பி. ஐந்து மாதத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவனால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். ஏணி ஏற முடியாத மெக்கானிக்கை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்? ஆகவே தினமும் காலையில், "அவனுக்கு ஏணி வேலை வேண்டாம், பளு தூக்குறதும் வேண்டாம்" என்று மறதியிடம் ஒரு வரி சொல்வாள். சாயங்காலத்தோடு அது அழிந்துபோகும். யாருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை காலையில் முதலாளி வந்து நின்றார். "இனிமே இதுக்கு ஒரு குறிப்பேடு கொடுத்தாச்சும்மா. முக்கியமானதை அதுவே எழுதி வச்சுக்கிட்டு மறுநாள் படிச்சுட்டு ஆரம்பிக்கும். உனக்கும் தொண்டைத் தண்ணி மிச்சம்."

இனி அவள் சொல்வது சாயங்காலத்தோடு அழியாது. ஆனாலும் அன்றைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? சொன்னாள்.

மறுநாள் அவள் வாய் திறப்பதற்கு முன்பே பட்டியல் தயாராக இருந்தது. தம்பிக்கு நேரே: கதவு சென்சார், தரைத்தளம்.

"யாரு சொன்னா உனக்கு?" என்று கணினியில் தட்டினாள்.

"குறிப்பில் இருக்கிறது" என்றது மறதி.

அதோடு போயிற்று அவள் நிம்மதி. முதலாளி கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்து பார்த்தால், தன்னைத்தான் பார்க்கிறார் என்று பட்டது. புதன்கிழமை அவர் போகிறபோக்கில், "தம்பி எப்படி இருக்கான்?" என்றார். பதினொரு வருடத்தில் ஒரு தடவை கேட்டதில்லை.

வியாழக்கிழமை மதியம் தம்பியிடம் சொன்னாள். அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சிரித்தான். "நீ மூஞ்சிய இப்படி வச்சிருந்தா மறதி எதுக்கு? சுவரே கண்டுபிடிச்சிரும்."

"வாய மூடுடா. முதல்ல ஸ்பூனை வலது கையில பிடி. எல்லாரும் பாக்குறாங்க."

சாப்பிட்டு முடித்ததும், அவனைப் பற்றிய குறிப்பைக் காட்டச் சொன்னாள். மறதி மறைக்காமல் காட்டியது. 'தம்பி மெக்கானிக்: ஏணி வேலை, பளு தூக்கும் வேலை தர வேண்டாம். அக்கா சொன்னார். காரணம் சொல்லவில்லை. காயம் இருக்கலாம்.'

காரணம் சொல்லவில்லையாம்! அந்த இரண்டு வார்த்தைதான் முள்ளாகக் குத்தியது.

"இதை அழிச்சிடு."

"அழிக்கலாம். ஆனால் நாளைக் காலை எனக்கு இது தெரியாது, நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். அழிக்கச் சொன்னது யார் என்பதும் பதிவாகும்."

நாளைக்கு அவள் விடுப்பு. அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறாள். அழித்தால் தம்பி பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் ஏணியில் நிற்பான். அழிக்காவிட்டால் எழுத்து அங்கேயே கிடக்கும், என்றைக்கோ ஒரு நாள் முதலாளி கண்ணில் படும். அவர் படிப்பதற்குள் நாமே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று எழுந்து, கதவைத் தட்டினாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தோளா? எனக்குத் தெரியவே தெரியாதேம்மா" என்றார். "மறைச்சது தப்பு. மேலேருந்து விழுந்திருந்தா யாரு பதில் சொல்றது? டாக்டர் சீட்டு கொண்டு வரச் சொல்லு. சரியாகுற வரைக்கும் அவன் பட்டறையில உக்காந்து பேனல் ரிப்பேர் பாக்கட்டும்."

வேலை போகவில்லை. வெளியே வந்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தம்பிக்குப் பயமில்லை என்று ஜாடை காட்டிவிட்டு இருக்கையில் அமர்ந்தாள். அமர்ந்த பிறகுதான், முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி நினைவுக்கு வந்தது.

"அந்தக் குறிப்பை இதுவரைக்கும் யாரு யாரு படிச்சாங்க?"

"உங்களுக்கு முன்னால் முதலாளி. செவ்வாய், புதன், இன்று. மூன்று நாளும் காலை எட்டரை மணிக்கு."

அக்கா கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். முதலாளி குனிந்து எதையோ மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்.

"வேலைதான் போகலையே, இன்னும் ஏன் மூஞ்சி இப்படி?" என்று தம்பி பின்னால் வந்து நின்றான்.

அவள் கீபோர்டை அருகே இழுத்தாள். மெதுவாகத் தட்டினாள்: "நான் இப்ப கேட்டதையும் எழுதிட்டியா?"

"எழுதிவிட்டேன்" என்றது மறதி.