இரண்டாம் தடவை கேட்பதற்குள்

கண்ணாடிப் பட்டறையில் அன்று காலை நடந்தது சிரிக்க வேண்டிய விஷயம்தான். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கடைகளிலிருந்து வரும் மூக்குக்கண்ணாடிகளுக்கு லென்ஸ் சீவி, ஃபிரேமில் பொருத்தி அனுப்புகிற சின்னப் பட்டறை அது. லென்ஸ் ஃபிரேமுக்குள் நூலளவு திரும்பி உட்கார்ந்தாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தரை சாய்ந்து தெரியும், தலை சுற்றும். அப்படி ஒரு ட்ரே நிறையக் கண்ணாடிகள் கடையிலிருந்து திரும்பி வந்திருந்தன. சூப்பர்வைசர் ட்ரேயை மேஜையில் வைத்துவிட்டு, "யாரு பண்ணது இது?" என்று கேட்டாள்.

"நான்தான் மேடம். சாரி மேடம். இனிமே கவனமா இருக்கேன்."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழுந்தது. சொன்னவள் பொருத்துகிற மேஜைக்காரி. பட்டறையில் எல்லாருக்கும் அவள் அக்கா. சூப்பர்வைசருக்கு இவளைவிட நாலைந்து வயது குறைவு. சட்டென்று கோபம் வரும், வந்த வேகத்தில் போயும்விடும். அவள் ட்ரேயில் ஒட்டியிருந்த துண்டுச்சீட்டைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள்.

"இது வெள்ளிக்கிழமை வேலை. அன்னைக்கு நீ லீவு. பொண்ணுக்குக் காய்ச்சல்னு நீதானே போன் பண்ணின?"

சீவுகிற மெஷின்காரர் சும்மா இருப்பாரா? "லீவுல இருந்துக்கிட்டே தப்பு பண்ற ஒரே ஆளு நம்ம அக்காதான். இந்தத் திறமை யாருக்கு வரும்?" என்றார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். மேஜைக்கு அடியில் கால்களை மட்டும் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். ஆறுதல் சொல்லக் கூப்பிடவில்லை, வாங்கு வாங்கென்று வாங்கத்தான் கூப்பிட்டாள்.

"சீவுற மெஷின்தான் லென்ஸை ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகுது. இப்பதான் பார்த்தேன். ரெண்டு மாசமா அப்பப்ப இப்படித்தான் பண்ணியிருக்கு. ஒவ்வொரு தடவையும் நீ கையைத் தூக்கிட்ட. அதனால நான் மெஷின் பக்கமே போகல. நீ ஏதோ பெருந்தன்மைன்னு நினைச்சுப் பண்ணியிருக்கலாம். போடப் போடப் பழகிடும்னு கடைக்காரன் சொன்னதை நம்பி எத்தனை பேர் தலைவலியோட திரியறாங்களோ. இதுக்கு முன்னாடி நீ ஒத்துக்கிட்டதுல எதெல்லாம் நிஜமாவே நீ பண்ணினது?"

அவள் யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. மழுப்பவில்லை, சத்தியமாகவே தெரியவில்லை.

இதற்கெல்லாம் மூலவர் அவளுடைய அப்பா. எலெக்ட்ரீஷியன். தெருவில் யார் வீட்டில் மின்சாரம் போனாலும் கூப்பிட்ட குரலுக்குப் போய் நிற்பார். காசில்லாதவர்களிடம் கை நீட்ட மாட்டார். தங்கமான மனுஷன் என்று தெருவே சொன்னது. அந்தத் தங்கம் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்பது கதவுக்கு உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டில் ஒரு பொருள் உடைந்தாலோ காணாமல் போனாலோ பிள்ளைகள் இரண்டு பேரையும் சுவரோரம் நிற்க வைப்பார். கத்த மாட்டார். ஒயரை இரண்டாக மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு, அமைதியாக, "யாரு?" என்பார். உடனே ஒத்துக்கொண்டால் ஒத்துக்கொண்ட பிள்ளைக்கு மட்டும், அதுவும் காலில். அவர் இரண்டாம் தடவை கேட்கும்படி வைத்துவிட்டால் இருவருக்கும், கண் மண் தெரியாமல். தம்பி ஒரு தடவை காதில் ரத்தத்தோடு கிடந்ததைப் பார்த்தபோது அவளுக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு அவர் இரண்டாம் தடவை கேட்க அவள் விட்டதே இல்லை. ரேடியோவைத் தள்ளிவிட்டவன் தம்பி. கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தவனும் அவன்தான். அப்பா கரண்ட் பார்க்கிற மீட்டரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டவனும் அவனே. எல்லாவற்றுக்கும் "நான்தான்" என்று சொன்னவள் அவள். அம்மா அந்த நேரத்தில் பின்கட்டில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பாள். தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்காது பாருங்கள்.

அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. அப்பா போன மாதம் பக்கவாதத்தில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பேச்சு திரும்பிவிட்டது, வலது கைதான் திரும்பவில்லை. ஒரு வாரத்துக்கு முன் தம்பி போன் பண்ணி, "என் வீட்ல அவ ஒத்துக்க மாட்டாக்கா. உன் வீட்டுக்காரர்தான் வெளியூர்ல இருக்காரே, ஒரு ரூம் சும்மாதானே கிடக்கும்?" என்றான். ரூம் சும்மா கிடக்கவில்லை. ஒன்பது வயது மகள் அதில் இருக்கிறாள். அவள் அதைச் சொல்லவில்லை. "சரி" என்றாள். தலையில் கட்டுவதற்கு இவளைப் போல ஒரு தலை லேசில் அகப்படாது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மகளின் அறையை ஒழிக்க ஆரம்பித்தாள். மறுநாள் டிஸ்சார்ஜ். புத்தகங்களைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது மகள் வாசலில் வந்து நின்றாள்.

"தாத்தா ரொம்பக் கோவக்காரராம்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடா. நாம சத்தம் போடாம இருந்தா அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

சொல்லி முடித்ததும் கையிலிருந்த புத்தகங்களோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அது அவளுடைய வாக்கியம் இல்லை. அம்மா தினமும் சாயங்காலம், அப்பாவின் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போது சொல்கிற வாக்கியம். எழுத்துப் பிசகாமல் அதே வார்த்தைகள். மகள் தலையை ஆட்டிவிட்டு, சத்தம் வராமல் நாற்காலியைத் தூக்கி நகர்த்தினாள். அவர் இன்னும் வந்து சேரவே இல்லை, அதற்குள் பிள்ளை நாற்காலியைத் தூக்கி வைக்கிறாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில், முடியாது என்பதை விதவிதமாக வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். தம்பியிடம் சொல்லிவிட வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற முதியோர் விடுதியில் இடம் கேட்க வேண்டும், அப்பா முகத்தைப் பார்க்காமலே திரும்பிவிட வேண்டும் என்பது திட்டம். திட்டம் போடுவதில் என்ன குறைச்சல்?

அப்பா முகம் மழித்து, சட்டை மாற்றி, சக்கர நாற்காலியில் தயாராக இருந்தார். பின்னால் தம்பி மருந்துப் பையோடு நின்றான். ஆபீஸில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவன், மீசையெல்லாம் வைத்திருக்கிறான். கால்மிதியைச் சரிசெய்துகொண்டிருந்த நர்ஸ், "பொண்ணு வந்தாச்சு, இனி கவலை இல்ல" என்றாள்.

"இவதான் என் மூத்தவ." வாய் ஒரு பக்கம் கோணினாலும் அப்பாவின் குரலில் பழைய மிடுக்கு இருந்தது. "சின்ன வயசுல சரியான வாலு. வீட்ல ஒரு சாமான் உருப்படியா இருக்காது. ரேடியோ, கடிகாரம், என்னோட மீட்டர், எல்லாம் இவ கைவரிசைதான். தம்பி பாவம், சாது. இவளைத் திருத்தறதுக்குள்ள நான் பட்ட பாடு இருக்கே."

நர்ஸ் சிரித்தாள். அவரும் சிரித்தார். குத்திக் காட்டவில்லை. பிள்ளையின் குறும்பைச் சொல்லி மகிழ்கிற எல்லா அப்பாக்களையும் போலத்தான் சிரித்தார்.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் நம்பியிருக்கிறார். இத்தனை வருஷமும், ஒவ்வொன்றையும். என்றைக்காவது ஒரு நாள், படுக்கையில் விழுந்த பிறகாவது, அநியாயமாக அடித்துவிட்டோமே என்று அவருக்குத் தோன்றும் என்று மனதின் ஏதோ ஒரு மூலையில் அவள் காத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். தோன்றப்போவதில்லை. தோன்றுவதற்கு அவரிடம் எதுவும் இல்லை. எட்டு வயதுப் பிள்ளை உயிருக்குப் பயந்து சொன்ன பொய்யை வைத்துக்கொண்டு மனிதர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

"அப்பா, அதுல ஒண்ணுகூட நான் பண்ணல" என்றாள்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். கால்மிதியை விட்டுவிட்டு, வேறு வேலை இருப்பதுபோல மெல்ல நழுவிப்போனாள்.

அப்பாவின் சிரிப்பு நின்றது. "அப்ப யாரு?"

அதே குரல். கத்தாத குரல். அவளுடைய கெண்டைக்கால் சதை தானாக இறுகியது. நாக்கு "நான்தான்" என்ற வார்த்தைக்குத் தயாராகி மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. தம்பியின் முகத்தைப் பார்த்தாள். மீசையும் ஆபீஸும் எங்கேயோ போய், ஆறு வயதுப் பிள்ளையாக நின்றுகொண்டிருந்தான். மருந்துப் பை அவன் கையில் சலசலத்தது.

"யாருன்னு கேட்டேன்."

இரண்டாம் தடவை. கூரை இடிந்து விழவில்லை. வலது கை மடியில் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

தம்பிதான் பேசினான். அவள் காதருகே வந்து, கெஞ்சுகிற குரலில், "அக்கா, நீதான்னு சொல்லிடுக்கா. வயசானவரு. இப்ப என்ன போச்சு?" என்றான்.

அவள் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"யார் உடைச்சிருந்தா என்னப்பா? அடிச்சது நீங்க. உங்களை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன். என் பொண்ணு அங்க இருக்கா. இங்க பின்னாடியே வயசானவங்களை வச்சுப் பார்த்துக்கிற விடுதி இருக்கு. அதுக்கு ஏற்பாடு பண்ணிட்டுப் போறேன். அதுக்கு மேல என்கிட்ட எதிர்பார்க்காதீங்க."

வார்த்தைகள் தடுமாறித்தான் வந்தன. பஸ்ஸில் ஒத்திகை பார்த்தபோது இருந்த அழகு எதிலும் இல்லை. அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ பொய் சொல்ற பிள்ளைன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

அவள் வெளியே வந்தாள். கதவு முழுசாக மூடவில்லை. வராந்தாவில் நாலடி வைப்பதற்குள் உள்ளேயிருந்து தம்பியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அக்காதான்பா எல்லாம். அவ சும்மா ஏதோ சொல்றா. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒயர் இப்படி வலித்ததில்லை. காலில் தடம் தடமாக இருக்கிற அத்தனை அடியும் இவனுக்காக வாங்கியது. திரும்பிப் போய், டேய், அவர்கிட்ட உண்மையைச் சொல்லுடா என்று சட்டையைப் பிடித்து உலுக்கலாம். நாலடிதான். ஆனால் அவன் குரல் வந்த வேகம் அவளுக்குத் தெரிந்த வேகம். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவனை அந்தப் பயத்துக்குள்ளேயே விட்டுவிட்டுத்தான் போகிறோம் என்று தெரிந்தது. ஆனாலும் கால்கள் படியிறங்கின.

கீழே விடுதிக்குப் பதிவு செய்கிற ஜன்னலில் கூட்டம் இருந்தது. கடைசி ஆளாகப் போய் நின்றாள். அழுகை வந்தது, அழுதுகொண்டே நின்றாள். முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்து, "நீங்க முன்னாடி போங்கம்மா" என்று ஒதுங்கினார். அவசரம் இல்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் முறை வந்தபோது ஜன்னலுக்குள் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, அப்பாவின் பெயர், வயது, என்ன நோய் என்று வரிசையாகக் கேட்டார். பிறகு பேனாவை நிறுத்தினார்.

"நீங்க அவருக்கு என்ன உறவு?"

அவளுக்கு உடனே பதில் வரவில்லை. அவர் இன்னொரு தடவை கேட்டார்.

"பொண்ணு" என்றாள்.