முப்பத்திரண்டு வீட்டுக்கும் மாலை ஐந்து மணி

பின்லாந்தின் டாம்பெரெ நகரில் அந்த ஆறு மாடிக் குடியிருப்பில், சவுனா என்னும் பொது நீராவிக் குளியலறைக்கான முன்பதிவுச் செயலியைப் பார்த்துக்கொள்ளும் வேலை சிர்க்குவின் தலையில் வந்து விழுந்தது. அதை எழுதியவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். கட்டடத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். ஓடிக்கொண்டிருக்கும் செயலியில் கைவைக்கப் பயம். அதனால் டேட்டாபேஸின் நகலையும் செயலியையும் தன் லேப்டாப்பிலேயே நிறுவி, ஆசைதீரக் குடைந்து பார்ப்பது என்று முடிவு செய்தாள்.

அவர் விட்டுப்போன குறிப்பில் நாலே வரிதான். முதல் வரியே மக்கர் செய்தது. பழைய பதிப்பு டேட்டாபேஸ்தான் வேண்டும் என்றது செயலி. அதை நிறுவினால் கடவுச்சொல் தப்பு என்றது. கடவுச்சொல்லைத் திருத்தினால், அதே போர்ட்டில் வேறு ஏதோ ஓடுகிறது என்றது. அந்த வேறு ஏதோ, காலையில் அவளே நிறுவி மறந்துபோன புதிய பதிப்பு! கடைசியில் ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்துப் போட்டாள். பக்கம் திறந்தது. சிர்க்கு எழுந்து நின்று தனக்குத்தானே கைதட்டிக்கொண்டாள்.

சோதித்துப் பார்க்க, முப்பத்திரண்டு வீட்டுக்கும் அன்று மாலை ஐந்து மணியையே ஒதுக்கினாள். டேட்டாபேஸ் லேப்டாப்புக்குள்தான் இருந்தது. ஆனால் நகலெடுத்த கோப்பிலிருந்த, வீடுகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் சேவையின் ரகசியச் சாவி நிஜமானது.

ஐந்து மணிக்குக் கதவைத் தட்டியவர் குடியிருப்புச் சங்கத் தலைவர் உர்ஹோ. குளியல் அங்கி, தோளில் துண்டு.

"ஏம்மா சிர்க்கு, எனக்கு அஞ்சு மணின்னு மெசேஜ் வந்துச்சு. மூணாவது மாடி மொத்தத்துக்கும் அஞ்சாம். உள்ள ஆறு பேர் உக்காரலாம். மிச்சப்பேரை மடியில உக்காரச் சொல்றியா?"

"ஐயோ, அது சும்மா சோதனைக்கு..."

"யாருக்குச் சோதனை? எனக்கா, உனக்கா?"

கீழே போனால், சவுனா இருக்கும் அடித்தள நடை முழுக்கத் துண்டும் கையுமாக ஜனம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அத்தனை பேரும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிர்க்குவுக்குக் காது சுட்டது.

"தப்பு என்னோடதுதான். எல்லாரும் மன்னிச்சிருங்க. மேல போயிடுங்க."

"எதுக்குப் போகணும்?" என்றாள் பேருந்து ஓட்டும் ஓர்வொக்கி. "அடுப்பு சூடாயிடுச்சு. பொம்பளைங்க முதல்ல, ஆறு ஆறு பேரா. ஆம்பளைங்க முற்றத்துல நில்லுங்க."

"வெளிய மைனஸ் எட்டு டிகிரி!" என்று அலறினார் உர்ஹோ.

"எப்படியும் சவுனா முடிஞ்சதும் பனியில உருளத்தானே போறீங்க? இப்பவே ஆரம்பிங்க."

யாரோ பீர் கொண்டுவந்தார்கள், யாரோ தொத்திறைச்சி சுட்டார்கள். ஒன்பது வருஷமாக லிஃப்டில் தலை மட்டும் அசைத்த ஆண்கள், முழங்கால் தெரிய நின்று பெயர் கேட்டுக்கொண்டார்கள்.

உர்ஹோவின் முறை வர எட்டாகிவிட்டது. சிவக்கச் சிவக்க வெளியே வந்தார்.

"அந்தத் தப்பைச் சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். இனிமே தப்பா எந்த மெசேஜும் போகாது."

"ம்." துண்டை முறுக்கினார். "மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் தப்பு நடக்கற மாதிரி வைக்க முடியாதா?"