நேத்துகூட பேசினாரு

எனக்கு வாய் ஜாஸ்தின்னு எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும். ஈசிஆர் ரோட்டோரமா காரை நிறுத்திட்டு நான் வேலை செய்ற உப்பளத்துக்குள்ள எறங்கி வருவாங்க பாருங்க, கூலிங் கிளாஸ் போட்டுக்கினு, "அம்மா உங்க பேரு என்ன, எத்தன பசங்க, காலு எரியாதா"ன்னு கேட்டுக்கினு. "செருப்பக் கழட்டிட்டு எறங்கிப் பாரு, எரியுதா இல்லையான்னு தெரியும்"னு சொல்லி அனுப்பிடுவேன். பஸ்ஸுல பக்கத்துல ஒக்கார்ற பொம்பளைங்க இன்னும் மோசம். திண்டிவனம் போய்ச் சேர்றதுக்குள்ள நம்ம பொறந்த வீடு, புகுந்த வீடு எல்லாத்தையும் கேட்டு முடிச்சிடுவாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்குவேன். என் கதை என்னோட இருந்துட்டுப் போவட்டும், இவங்களுக்கு என்னா வந்துச்சு?

அப்பேர்ப்பட்டவ, இந்த ரெண்டு மாசமா யார் என்ன கேட்டாலும் பல்ல இளிச்சிக்கினு பதில் சொல்லிக்கினு இருந்தேன். எல்லாம் என் பொண்ணு கீதாஞ்சலிக்காக.

கீதாவுக்கு இருபத்திமூணு வயசு. மரக்காணத்துல ஒரு ஜவுளிக்கடையில வேலை. எங்க நாத்தனா ஆரோக்கியம்தான் இந்த சம்பந்தத்த கொண்டாந்தா. பையன் பேரு சாலமன், திண்டிவனத்துக்கு அந்தாண்ட ஊரு, பாண்டிச்சேரியில கம்பெனி வேலை. போட்டோவ காட்டினப்போ கீதா ஒண்ணும் பேசல. ஆனா அந்தப் போட்டோ எப்படியோ அவ போனுக்குப் போயிடுச்சு. அவ நெனச்சா எனக்குத் தெரியாதுன்னு.

"எல்லாருக்கும் பிடிச்சிருக்குது அண்ணி"ன்னா ஆரோக்கியம். "பையனோட தாய்மாமன் சவுதியில இருக்காரு. லீவுல வர்றாரு. அவரு வந்து விசாரிச்சிட்டு சரின்னு சொல்லிட்டா முடிஞ்சிது. அந்த வீட்டுல அவரு பேச்சுக்கு மறுபேச்சு இல்ல."

விசாரிக்கிறதுன்னா எங்க பக்கம் சொல்லிட்டு வர மாட்டாங்க. டீக்கடையில ஒக்காந்து ஒரு டீ குடிப்பாங்க. கோயில் வாசல்ல நின்னு யாரையாச்சும் பேச்சுக் குடுப்பாங்க. வேலை செய்ற எடத்துக்கே வந்து, தண்ணி கேக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டுப் போயிடுவாங்க. யாரு எவருன்னு சொல்லவும் மாட்டாங்க, நாமளும் கேக்கக் கூடாது.

இங்கதான் சிக்கல். எங்க வீட்டுக்காரர் குழந்தைசாமியும் சவுதிக்குத்தான் போனாரு, கொத்தனார் வேலைக்கு. போயி மூணு வருஷம் ஆவப்போவுது. மொதல்ல ஞாயித்துக்கிழமை தவறாம பேசினாரு. அப்புறம் கம்பெனியில பிரச்சனை, சம்பளம் வரல, வேற எடம் போறேன்னாரு. அத்தோட சரி. பதினாலு மாசமா ஒரு வார்த்தை இல்ல. அனுப்பி வெச்ச ஏஜெண்டு, "அவரு கம்பெனிய விட்டு ஓடிட்டாரும்மா, நான் என்ன பண்ணட்டும்"னு கைய விரிச்சிட்டான். கலெக்டர் ஆபீஸுல ரெண்டு தடவ மனு குடுத்தேன். வாங்கி வெச்சிக்கினாங்க.

இதுக்கு முன்னாடி வந்த ஒரு சம்பந்தம் இதனாலதான் போச்சு. "அப்பன் எங்க இருக்கான்னே தெரியாத பொண்ணா?"ன்னு வாசல்லயே கேட்டுட்டுப் போனாங்க. அங்க எவளையோ சேர்த்துக்கினு இருக்காருன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு வேற. அன்னைக்கு கீதா சோறு திங்கல. "எங்கப்பா அப்படி இல்ல"ன்னு மட்டும் ஒரு தடவ சொன்னா, செவுத்தப் பார்த்துக்கினு.

அதனால இந்தத் தடவ நான் முடிவு பண்ணிட்டேன். யார் கேட்டாலும் ஒரே பதிலு. நேத்துகூட பேசினாரு. கீதாவுக்கு சொல்லிக்குடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட சொல்லி வெச்சேன். பஸ் ஸ்டாப்புல டீக்கடை வெச்சிருக்கிற அர்ச்சுனன்கிட்ட கையப் பிடிச்சிக் கேட்டுக்கினேன். "யக்கா, நான் பார்த்துக்கறேன், கவலையே படாத"ன்னான். கீதா எங்க எல்லாரையும் விட நல்லா சொன்னா. கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சிக்கினே சொல்லிப் பார்ப்பா. பெத்தவளுக்கு அதைப் பார்க்கறதுக்கு எப்படி இருக்கும்?

அப்புறம் என்னா, பார்க்கறவனெல்லாம் எனக்கு அந்தத் தாய்மாமனாத்தான் தெரிஞ்சான். கார்ல வந்த சென்னைக்காரங்களுக்கு பேரு, ஊரு, வயசு, கால் எரிச்சல் எல்லாம் சொன்னேன். பஸ்ஸுல ஒரு அம்மா, "வீட்டுக்காரரு என்ன பண்றாரு"ன்னு கேக்கறதுக்கு முன்னாடியே, "சவுதிங்க, நேத்துகூட பேசினாரு"ன்னேன். அந்தம்மாவுக்கே கொஞ்சம் பயமா இருந்திருக்கும். கூட வேலை செய்ற கொளஞ்சி, "இன்னா மேரி, உனக்கு பேய் பிடிச்சிடுச்சா"ன்னு கேட்டு சிரிச்சா. சிரிடி, சிரி, உனக்கு ரெண்டும் ஆம்பளப் பசங்கன்னு நெனச்சிக்கினேன்.

போன வியாழக்கிழமைதான் அந்த ஆளு வந்தாரு.

பதினோரு மணி இருக்கும். வெயில் மேல இருந்தும் அடிக்குது, உப்புல பட்டு கீழ இருந்தும் அடிக்குது. நான் பாத்தியில உப்பு வாரிக்கினு இருந்தேன். பைக்க வரப்பு மேல நிறுத்திட்டு, ஷூ நனையாம பார்த்துப் பார்த்து நடந்து வந்தாரு. நாப்பது வயசு இருக்கும், நல்ல சட்டை.

"மேரிங்கிறது நீங்களாம்மா?"

"ஆமாங்க."

"வீட்டுக்காரரு வெளிநாட்டுலங்களா?"

"சவுதிங்க. கொத்தனாரு."

"நானும் அங்கதாம்மா இருக்கேன். லீவுல வந்திருக்கேன்."

வந்துட்டாருடி தாய்மாமன்! உப்பு வார்ற பலகையப் போட்டுட்டு, தலையில கட்டியிருந்த துண்ட அவுத்து மூஞ்சத் தொடச்சிக்கினு கரைக்கு ஏறினேன். தண்ணி பாட்டில நீட்டினேன். வாங்கிக் குடிச்சாரு. மரியாதையான ஆளு.

எத்தன பசங்கன்னாரு. ஒரே பொண்ணு, தங்கமான பொண்ணுன்னேன். வீட்டுக்காரருக்கு என்ன வயசுன்னாரு. சொன்னேன். சுகரு, பிரஷர் ஏதாச்சும் உண்டான்னு கேட்டாரு. எவ்ளோ தூரம் யோசிக்கிறாரு பாரு, பொண்ணுக்கும் வந்துடுமோன்னு பார்க்கறாருன்னு நெனச்சேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, தலைவலிக்குக்கூட மாத்திரை போட மாட்டாரு"ன்னேன். பிரஷர் இருந்துது. மாத்திரை வாங்கி பெட்டியில வெச்சி அனுப்பினவளே நான்தான்.

பேண்ட் பாக்கெட்டுல இருந்து போனை எடுத்து கையில வெச்சிக்கினு, என் மூஞ்சையே பார்த்தாரு. "கடைசியா எப்போம்மா பேசினாரு?"

"நேத்துகூட பேசினாரு. வீடியோ கால்ல வந்தாரு. ரூம்புல கோழிக்கொழம்பு வெச்சிருக்கோம், உன் கை ருசி வரலடின்னு சொல்லி ஒரே சிரிப்பு."

கோழிக்கொழம்பு நான் சொல்லி வெச்சதுல இல்ல. அந்த நேரத்துக்கு தானா வந்துச்சு. சொன்னப்புறம் எனக்கே அது நடந்த மாதிரி இருந்துச்சு, சந்தோஷமா இருந்துச்சு.

"அப்பாடா"ன்னாரு அந்த ஆளு. மூஞ்சே மாறிடுச்சு. போனை திரும்ப பாக்கெட்டுல போட்டுக்கினாரு. "ரொம்ப சந்தோஷம்மா. நல்லா இருங்க." பைக்க எடுத்துக்கினு போயிட்டாரு.

முடிஞ்சிதுடா சாமின்னு நான் அன்னைக்கு சாயங்காலம் கோயிலுக்குப் போயி ரெண்டு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன்.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி வந்து சட்டி கழுவிக்கினு இருக்கறேன், ஆரோக்கியம் ஒரு ஆளக் கூட்டிக்கினு வாசல்ல நிக்கிறா. தலை நரைச்ச, குண்டான மனுஷன். "அண்ணி, இவருதான் சாலமனோட மாமா. சவுதியில இருந்து முந்தாநேத்துதான் வந்தாரு. நேர்லயே வந்து பேசிடறேன்னாரு"ன்னா.

வாங்க ஒக்காருங்கன்னு சொல்லிட்டேன். முந்தாநேத்துன்னா வெள்ளிக்கிழமை. அப்போ வியாழக்கிழமை வந்தது யாரு? வீட்டுல பாலு இல்லன்னு சொல்லிட்டு அர்ச்சுனன் கடைக்கு ஓடினேன்.

"அர்ச்சுனா, வியாழக்கிழமை பைக்குல ஒருத்தரு வந்தாரே, உன் கடைக்கு வந்தாரா?"

"வந்தாரே. உன்னப் பார்த்துட்டு நேரா இங்கதான் வந்தாரு. அவரு கில்லாடி யக்கா. என் வாயைக் கெளறப் பார்த்தாரு, நான் விடலயே."

"என்னா கேட்டாரு?"

"ஒரு கதை விட்டாரு. சவுதியில ஆஸ்பத்திரியில இவங்க ஆளு ஒருத்தரப் பார்க்கப் போனாராம். பக்கத்துக் கட்டில்ல ஒரு தமிழ் ஆளாம். வாயி, கை காலு இழுத்துக்கினு பேச்சே வரலயாம். கையில ஒரு பேப்பரும் இல்லயாம். மரக்காணம், உப்பு, மேரி, இந்த மூணு வார்த்தைதான் வருதாம். அதான் லீவு முடிஞ்சி போறதுக்குள்ள தேடிப் பார்க்கறேன்னாரு. அந்தம்மா புருஷன் நேத்துகூட பேசினாராமே, உண்மையான்னு கேட்டாரு. பார்த்தியா, எப்படி மடக்கறாருன்னு! ஆமாங்க, எங்கிட்டயும்தான் பேசினாருன்னு அடிச்சி விட்டேன். போட்டோ இருக்குது பாருங்கன்னு போனை நீட்டினாரு. அதெல்லாம் எதுக்குங்க, எங்க அண்ணன் ஜம்முன்னு இருக்காருன்னு திரும்பிக்கூடப் பார்க்கலயே நானு."



"அவரு பேரு என்னா? எந்த ஊரு? நம்பர் குடுத்தாரா?"

"விசாரிக்க வந்தவரை நாம திருப்பிக் கேட்டா தப்பா நெனப்பாருன்னு கேக்கல யக்கா. ஏன், என்னா ஆச்சு? வேற எந்த மேரியாச்சும் இருக்காங்களான்னு கேட்டாரு. எங்க ஊர்ல மேரி இல்லாத வீடு எதுங்கன்னு சொல்லி சிரிச்சேன். மறுநாளே பிளைட்டுன்னு சொல்லிட்டு பாண்டிச்சேரி ரோட்டுல போயிட்டாரு." அப்போதான் அவன் என் மூஞ்சைப் பார்த்தான். "யக்கா... அவரு மாமா இல்லயா?"

"எந்த ஊரு ஆஸ்பத்திரின்னாரு, அர்ச்சுனா?"

"சொன்னாரு யக்கா. ஏதோ ஒரு பேரு சொன்னாரு. நான் காதுலயே வாங்கலயே." அவன் தலையில அடிச்சிக்கினான்.

பால் பாக்கெட்ட வாங்கிக்கினு வீட்டுக்கு வந்தேன். எப்படி வந்தேன்னு கேட்டா தெரியாது. அவனைத் திட்டக்கூட எனக்கு வாய் வரல. எப்படித் திட்டறது? அவன் சொன்னது நான் சொல்லச் சொன்னதுதானே. ஊரே என்னைக் கேள்வி கேட்டுச்சு, எல்லாருக்கும் பதில் சொன்னேன். அந்த ஒரு ஆளை, ஐயா நீங்க யாரு, எதுக்குக் கேக்கறீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதுமே பாவி!

உள்ள மாமா நாற்காலியில ஒக்காந்திருக்காரு. கீதா பிஸ்கட் தட்டோட நிக்கிறா, நீலச் சுடிதாரு, தலை நெறைய பூவு. நான் வாசப்படிய தாண்டறேன், அவரு கேக்கறாரு, "அப்பா கடைசியா எப்போம்மா பேசினாரு?"

"நேத்துகூட பேசினாருங்க"ன்னு என் பொண்ணு சிரிச்சிக்கினே சொல்லிட்டா.

அவ முன்னாடி எப்படி சொல்றது?

"நல்லது. நம்பர் குடும்மா, நானும் அங்க இருக்கறவன்தானே, ஒரு வணக்கம் சொல்லிடறேன்"னு போனை எடுத்தாரு. கீதா என்னைப் பார்த்தா. அப்புறம் நம்பரைச் சொன்னா, ஒண்ணொண்ணா. அவரு அடிச்சி காதுல வெச்சாரு. அந்தாண்ட அரபிக்காரி பேசறது எனக்கு இங்க கேக்குது. முழுசா கேட்டாரு. இன்னொரு தடவ அடிச்சாரு. அதையும் முழுசா கேட்டாரு.

"இந்த நம்பரு புழக்கத்துலயே இல்லன்னு சொல்றாம்மா."

"அப்பா நம்பர் மாத்திட்டாருங்க. புதுசு அம்மா போன்ல இருக்குது"ன்னா கீதா. சிரிப்பு மட்டும் மாறல.

"போதும் கீதா"ன்னேன்.

"அம்மா!"

"போதும்டி. அந்தத் தட்டை வெய்யி." நான் அவரு முன்னாடி தரையில ஒக்காந்துட்டேன். ஆரோக்கியம், "அண்ணி, அண்ணி"ன்னு என் தோளை அழுத்தறா. தட்டி விட்டேன். "பதினாலு மாசமா பேசலங்கண்ணே. இருக்காரா இல்லையான்னே தெரியாம இருந்துது. இப்போ இருக்காருன்னு தெரியுது. ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில பேச்சு இல்லாம கெடக்கறாரு, என் பேரை மட்டும் சொல்லிக்கினு. சேதி கொண்டாந்த மனுஷனை நானே பொய் சொல்லி அனுப்பிட்டேன். கல்யாணம் வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போயிடுங்க, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். அந்த நாட்டுல ஆஸ்பத்திரி எத்தன இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்கண்ணே."

அவரு போனை கீழ வெச்சாரு. கீதா செவுத்துப் பக்கம் திரும்பி நின்னுக்கினா.

"நெறைய இருக்குதும்மா"ன்னாரு.