காளைமுக ஜீவனுக்குக் கண்ணாடி

கிறிஸ்தவ வேதத்தில் சொன்ன நான்கு ஜீவன்களில் காளைமுகம் கொண்டது, செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கண்ணாடிக்கடைக்கு வந்து வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்தது. பக்கத்து ஆள்மேல் படாமல் ஆறு இறக்கைகளையும் மடித்துக்கொண்டது. முன்னும் பின்னுமாக நூற்று முப்பத்தெட்டுக் கண்கள். கடைக்காரர் மனைவி இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். அவை கண்களே அல்ல, ஞானத்தின் அடையாளம் என்று இருபது வருஷமாக ஞாயிறு வகுப்பில் அடித்துச் சொன்ன கடைக்காரர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அடையாளத்துக்கு எங்கயாவது பார்வை மங்குமா?" என்றாள் அவள். அவர் எழுத்து அட்டையை மாட்டினார்.

சிக்கல் அங்கேதான். எந்த லென்ஸைப் போட்டாலும், எந்த வரியைக் காட்டினாலும் அது, இரவும் பகலும் தேவனைத் துதிக்கும் வழக்கப்படி, "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்றே வாசித்தது. தெரிகிறதா, தெரியவில்லையா? யாருக்குத் தெரியும்! மூன்றே நாளில் அவர் கைவிரித்துவிட்டார். பேசத் தெரியாத குழந்தைக்கும் விழியில் விளக்கடித்தே பவர் சொல்லக்கூடியவன் ஒருவன் உண்டு, அவளுடைய தம்பி. ஆனால் பிதா, குமாரன், ஆவி என மூவராக இருக்கும் ஒரே தேவன் என்று இவரும், மூவர் கீவர் இல்லை, ஒருவரேதான் என்று அவனும் மல்லுக்கட்டி, எட்டு வருஷமாக அவன் அந்த வாசலை மிதிக்கவில்லை. தம்பி இருந்தும் இல்லாதவளாக அவள் நொந்து கிடந்தாள். புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய் அவனைக் கையோடு கூட்டிவந்தாள்.

முதல் கண்ணிலேயே பழைய வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது.

"கேட்டியா மச்சான்? மூணு தடவ சொல்லுது."

தம்பி விளக்கிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "ஒரே வார்த்தையத்தானே அத்தான் சொல்லுது."

ஜீவனையே கேட்டார்கள்; அது வழக்கமானதைச் சொன்னது. அதற்கும் இருவரும் ஆளுக்கொரு வியாக்கியானம் செய்தார்கள். ஒன்பது நாள் விளக்கும் லென்ஸும் கைமாறின, விவாதம் மட்டும் ஓயவில்லை. யார் சொல்வது சரி என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் இரண்டு குரல் கேட்டது, அவளுக்கு அது போதும்.

கடைசிக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு ஜீவன் பறந்துபோனது. தம்பி விளக்கைத் துடைத்துப் பைக்குள் வைத்தான். அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என் கண்ணையும் பாத்துட்டுப் போடா."

பார்த்தான். ஒரு குறையும் இல்லை. நீர் திரண்டு திரண்டு வந்ததில் விளக்கின் வெளிச்சம்தான் விழியில் நிற்கவில்லை. அவன் விளக்கை அணைத்தான்.

"பவர் சரியா பிடிபடலக்கா. அடுத்த வாரம் வந்து பாக்கறேன்."

கடைக்காரர் நோட்டை எடுத்துச் செவ்வாய்க்கிழமையைப் புரட்டினார். பதினொரு மணி சிங்கமுக ஜீவனுக்குக் கொடுத்தாகிவிட்டதால், மனைவிக்குப் பத்தரை என்று எழுதினார்.