ஆறியதுபோல் இருந்த கண்ணாடி

...அதற்காக அடிப்பாளா ஒருத்தி, அதுவும் கண்ணாடி தட்டும் ஈர மரப்பலகையால், நாலு பேர் பார்க்க, வாயால் சொன்னால் காதில் ஏறாதா என்ன... குழாயடியில் புறங்கையைக் காட்டிக்கொண்டு நின்றவளுக்கு வலியைவிட அந்தச் சிரிப்புதான் எரிந்தது, முதலில் சிரித்தது கூடக் கற்கும் பல் டாக்டர், ஊதுகுழலை எந்தப் பக்கம் பிடிப்பதென்று போன வாரம் வரை தெரியாத மனுஷன், இளிக்கிறார். கண்ணாடி ஊதக் கற்றுக்கொள்ள இந்தப் பட்டறைக்கு வந்த நாளிலிருந்து மாஸ்டரம்மா சொன்ன எதை அவள் தட்டினாள்? நைலான் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும் என்றாள், பருத்தியில் முழுக்கைச் சட்டை தைத்துக்கொண்டாள், செருப்போடு உள்ளே வராதே என்றாள், கால் மூடிய தோல் ஷூ வாங்கினாள், வளையலைக் கழற்றினாள், கூந்தலை இறுக முடிந்தாள், குழலில் வாய் வைத்தால் ஊதத்தான் வேண்டும், மறந்தும் மூச்சை உள்ளே இழுக்கக்கூடாது என்றதற்கு வீட்டில் காகிதத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஊதிப் பழகினாள், அதையும் பார்த்துச் சிரித்தார்கள்... எல்லோருக்கும் அவள்தான் கிடைத்தாளா? இன்றைக்கும் சரியாக இடைவேளையில் கணவனின் போன், "என்ன, ஊதி முடிச்சாச்சா? வீட்ல இருக்கற டம்ளர் போதலையா உனக்கு?" பின்னாலிருந்து நாத்தனாரின் குரல், "அண்ணியோட மூச்ச அங்கயே செலவழிச்சிட வேணாம்னு சொல்லுண்ணா, வீட்ல சண்டை போட மிச்சம் வேணும்ல," இருவரும் சேர்ந்து ஒரு சிரிப்பு. சண்டையா, என்றைக்கு அவள் குரலை உயர்த்தினாள், இப்போதும் "சரி, வெச்சிடறேன்" என்றுதானே சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு, எப்போதும்போல.

வைத்துவிட்டு மேசைக்கு வந்தாள், சற்று முன் குழலிலிருந்து தட்டி எடுத்த கண்ணாடி உருண்டை அங்கே கிடந்தது, சிவப்பெல்லாம் வடிந்து தண்ணீர்போல, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்ததுபோல, பார்த்தால் யாருக்குத்தான் கை போகாது, போனது, பட்டென்று விழுந்தது பலகை. தெரியாமல்தானே நீட்டினாள்? தெரியாதவளை அடிக்கலாமா?

மாஸ்டரம்மா வந்து குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். "வலிக்குதா?"

"அடிச்சா வலிக்காம என்ன செய்யும்? புதுசா கத்துக்க வந்தவங்க மேல கைநீட்டறதுதான் இங்க பழக்கமா? சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்ல?" தன் குரல் இத்தனை சத்தமாக இருக்குமென்று அவளுக்கே தெரியாது.

"ரெண்டு தடவ கத்தினேம்மா. நீங்க திரும்பல," என்றாள் மாஸ்டரம்மா, பதிலுக்குக் குரல் உயர்த்தாமல். "நிறம் போனா சூடு போயிடாதுன்னு முதல் வகுப்புல சொன்னேன். பல் டாக்டர் பாதியில வந்தாரு, அவருக்கு அதை எடுத்துச் சொன்னதே நீங்கதான். தெரியாதவங்க இல்ல நீங்க. அப்புறம் எதுக்குக் கைய நீட்டினீங்க?"

எதுக்கா, இதென்ன கேள்வி, நாக்கு நுனியில் பதில் காரமாக நின்றது, வாயைத் திறந்தாள்... கையுறை இடுப்பில்தான் செருகியிருந்தது. உருண்டையின் அனல் விரல்நுனிக்கு வந்ததும் நினைவிருந்தது. வந்த பிறகும் அந்தக் கை போய்க்கொண்டுதான் இருந்தது, அவசரமே இல்லாமல்.

"தெரியல," என்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவள் அந்தக் கையையே பார்த்தாள், பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருத்தியுடையதைப் பார்ப்பதுபோல.